ஐஸ் ஏரியா... படகா... ஊத்தாவா? மீன் பிடிப்பதில் எது அதிக ஜாலி? மேலூர் கண்மாய்கள் சொல்லும் பதில்!

உறைந்துபோன ஏரி. நடுவில் வட்டமாக ஒரு துளை. பக்கத்தில் குட்டி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் ஒருவர், சட்டென்று தூண்டிலை இழுக்கிறார். துளைக்குள் இருந்து துள்ளிக்கொண்டு வெளியே வருகிறது மீன்!

இந்த மாதிரி ரீல்ஸ் உங்கள் மொபைலிலும் வந்திருக்கும். கீழே கமெண்ட்டில் ஒரு சண்டையும் ஓடிக்கொண்டிருக்கும். "ஐஸ்ல பிடிக்கிறதுதான் கெத்து" என்பார் ஒருவர். "படகுல போய் வலை போட்டுப் பாரு, அப்போ தெரியும்" என்பார் இன்னொருவர்.

ஆனால் மதுரை மாவட்டம் மேலூர், திருவாதவூர் பக்கத்துக்காரர்களிடம் இதைக் கேட்டால், "மாப்ள, ரெண்டும் கிடையாது. எங்க கம்மாயில வந்து ஊத்தா போட்டுப் பாரு" என்பார்கள்.

அது என்ன ஊத்தா? ஐஸும் இல்லாமல் படகும் இல்லாமல், ஊரே சேர்ந்து தண்ணீரில் இறங்கும் மீன்பிடித் திருவிழாவில் அப்படி என்ன இருக்கிறது? அது தொடர்ந்து நடக்குமா என்ற கேள்வி ஏன் வருகிறது? விரிவாகப் பார்க்கலாம்.

ஐஸ் மீன்பிடிப்பு எப்படி நடக்கிறது?

கனடா, பின்லாந்து, ரஷ்யா, அமெரிக்காவின் வட மாநிலங்கள், தென்கொரியா போன்ற இடங்களில் குளிர்காலத்தில் ஏரிகள் மேல்பகுதியில் உறைந்துவிடும். ஆனால் அடியில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும்.

இதற்குக் காரணம் தண்ணீரின் ஒரு விசித்திர குணம். 4 டிகிரி செல்சியஸில்தான் தண்ணீர் அதிக அடர்த்தியோடு இருக்கும். அதனால் அந்த வெப்பநிலையில் உள்ள தண்ணீர் அடியில் தங்கிவிடும். அதைவிடக் குளிர்ந்தது மேலே வந்து உறையும். ஐஸ் மிதப்பதால் அதுவே ஒரு கூரை மாதிரி மூடிக்கொள்ளும். அந்தக் கூரைக்குக் கீழே மீன்கள் மெதுவாக நீந்திக்கொண்டு உயிரோடு இருக்கும்.

துளையிடும் கருவியால் ஐஸில் ஓட்டை போட்டு, சின்னத் தூண்டிலை இறக்கிவிட்டுக் காத்திருப்பார்கள். கனடாவில் டொரொன்டோவுக்கு வடக்கே இருக்கும் சிம்கோ ஏரி இதற்குப் பேர் போனது. டொரொன்டோ பக்கம் லட்சக்கணக்கில் தமிழர்கள் இருப்பதால், அங்கிருந்து சொந்தக்காரர்கள் அனுப்பும் பனிக்கால வீடியோக்களில் இந்த ஏரியையும் நீங்கள் பார்த்திருக்கலாம்.

இதில் ஆபத்தும் உண்டு. ஒருவர் நடந்து போகவே தெளிவான ஐஸ் குறைந்தது 10 செ.மீ. தடிமன் இருக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. ஐஸ் சரியாக உறையாவிட்டால் அந்த வருடம் மீன்பிடிப்பே கிடையாது.

தென்கொரியாவின் ஹ்வாச்சான் நகரில் 2003 முதல் நடக்கும் ஐஸ் மீன்பிடித் திருவிழாவுக்கு 10 லட்சத்துக்கும் அதிகமானோர் வந்த வருடங்கள் உண்டு. அந்தத் திருவிழாவே 2020-ல் வெயிலாலும் மழையாலும் ஐஸ் போதாமல் தள்ளிப்போனது. இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேலூர் கதையிலும் இதே மாதிரி ஒன்று வரும்.

படகு மீன்பிடிப்பு: ஒருவருக்கு ஜாலி, இன்னொருவருக்கு வேலை

படகில் போனால் மீன் இருக்கும் இடத்துக்கே நாம் போகலாம். ஆழமான இடம், பெரிய மீன், காற்று, அலை... த்ரில் அதிகம்தான்.

மதுரைக்காரர்களுக்குப் பக்கத்தில் இதற்கு உதாரணம் தேனி மாவட்டத்தில் உள்ள வைகை அணை. 1959-ல் திறக்கப்பட்ட இந்த அணையின் நீர்த்தேக்கத்தில் மீனவர்கள் பரிசலில் போய் வலை விரித்துவிட்டு வருவார்கள். பிறகு திரும்பப் போய் வலையை எடுப்பார்கள். கிழக்கே போனால் ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் நாட்டுப்படகும் விசைப்படகும்.

ஆனால் நம்ம ஊரில் படகு என்பது பெரும்பாலும் பொழுதுபோக்கு அல்ல, பிழைப்பு. டீசல் காசு, வலைச் செலவு, வானிலை, இலங்கைக் கடற்படை பயம் என்று எல்லாவற்றையும் கணக்குப் போட்டுத்தான் கடலுக்குப் போக வேண்டும். அவர்களிடம் போய், "ஜாலியா இருக்குமாண்ணே?" என்று கேட்டால், என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொரு விஷயம். தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காக இந்தத் தடை. விசைப்படகுகள் கரையில் ஓய்வெடுக்கும் அந்தக் கோடையில்தான் மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்களில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்குகிறது. கடலில் படகு நிற்கும்போது கண்மாயில் ஊத்தா இறங்குகிறது!

மேலூரில் ஏன் இவ்வளவு கண்மாய்?

தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்கள் இருப்பதாக அரசுக் கணக்கு சொல்கிறது. வடக்கே ஏரி என்று சொல்வதைத்தான் மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் கண்மாய் என்கிறோம். பேச்சு வழக்கில் 'கம்மா'.

மாணிக்கவாசகர் பிறந்த ஊரான திருவாதவூரும், அதைச் சுற்றியுள்ள மேலூர் வட்டாரமும் கண்மாயை நம்பித்தான் விவசாயம் செய்கின்றன. ஒரு பக்கம் மழைத் தண்ணீர். இன்னொரு பக்கம் பெரியாறு தண்ணீர். பென்னிகுயிக் தலைமையில் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை 1895-ல் திறக்கப்பட்டது. மேற்கே ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பப்பட்டு வைகைக்கு வந்தது. அங்கிருந்து பெரியார் பிரதானக் கால்வாய் வழியாக மேலூர்ப் பக்கம் வருகிறது.

இந்தக் கால்வாயில் ஒருபோகப் பாசனப் பரப்பு மட்டும் 85,563 ஏக்கர். வழக்கமாக செப்டம்பர் மாதம் தண்ணீர் திறப்பார்கள். அணையில் இருப்பு இல்லாத வருடங்களில் தேதி தள்ளிப்போகும். விவசாயிகள் போராட்டத்தில் இறங்குவார்கள்.

தண்ணீர் வந்தால் கண்மாய் நிரம்பும். நிரம்பிய கண்மாயில் மீன் குஞ்சு விடுவார்கள். கால்வாய்த் தண்ணீரோடு வரும் நாட்டு மீன்களும் சேர்ந்துகொள்ளும். நெல் அறுவடை முடிந்து, மாசி, பங்குனி தாண்டி, கோடையில் தண்ணீர் வற்றி வரும்போது கண்மாயில் மிச்சம் இருப்பது கொஞ்சம் தண்ணீர், நிறைய மீன். அப்போதுதான் திருவிழா.

மீன்பிடித் திருவிழா எப்படி நடக்கும்?

ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். பொதுவான நடைமுறை இதுதான்:

• ஊர்ப் பெரியவர்கள், அம்பலகாரர்கள் கூடித் தேதி குறிப்பார்கள். முன்பெல்லாம் தண்டோரா. இப்போது வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் போதும், பக்கத்து மாவட்டம் வரைக்கும் தெரிந்துவிடும்.

• விடியும் முன்பே பைக், சரக்கு வேன், ஆட்டோ என்று கண்மாய்க் கரை நிறைந்துவிடும். சின்னப் பிள்ளைகள் முதல் தாத்தாக்கள் வரை கையில் ஊத்தா, வலை, கச்சா, கூடையோடு நிற்பார்கள்.

• கண்மாய்க் கரை தெய்வத்தைக் கும்பிடுவார்கள். அதுவரை யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது.

• பெரியவர் ஒருவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அவ்வளவுதான்! நூற்றுக்கணக்கில், சில ஊர்களில் ஆயிரக்கணக்கில், மக்கள் ஒரே நேரத்தில் கண்மாய்க்குள் ஓடுவார்கள்.

அந்த ஓட்டத்தை நேரில் பார்த்தால்தான் தெரியும். தண்ணீர் தெறிக்கும், சேறு பறக்கும், "ஏய் மாட்டிருச்சுடா!" என்று நாலு பக்கமும் சத்தம் கேட்கும். ஓரிரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

ஊத்தா எப்படி மீனைப் பிடிக்கிறது?

மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும் இருக்கும் கூடைதான் ஊத்தா. இரண்டு பக்கமும் திறந்திருக்கும். மூங்கில் குச்சிகளை வரிசையாகக் கட்டிச் செய்வார்கள்.

ஊத்தாவைத் தூக்கி, தண்ணீரில் 'பொத்'தென்று போட்டுத் தரை வரைக்கும் அழுத்த வேண்டும். உள்ளே மீன் இருந்தால் குச்சியில் மோதும். அந்த அதிர்வு கைக்குத் தெரியும். உடனே மேல் வாய் வழியாகக் கையை விட்டு, துழாவிப் பிடிக்க வேண்டும். இரையும் இல்லை, முள்ளும் இல்லை, காத்திருப்பும் இல்லை. பத்தடி நடக்க வேண்டும், போட வேண்டும், துழாவ வேண்டும். அவ்வளவுதான்.

இதற்குப் பின்னால் அறிவியலும் இருக்கிறது. பகலில் தண்ணீருக்குள் இருக்கும் பாசியும் செடிகளும் ஆக்சிஜனை வெளியிடும். இரவில் வெளிச்சம் இல்லாததால் அது நின்றுவிடும். ஆனால் மீன், பாசி என எல்லாமே சுவாசித்துக்கொண்டே இருக்கும். அதனால் விடியற்காலையில்தான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். மீன்கள் ஏற்கெனவே சோர்ந்து மேலே வரும் நேரம் அது.

அந்த நேரம் பார்த்து ஆயிரம் பேர் இறங்கினால்? சேறு கலங்கி மீனின் செவுளில் அடைக்கும். மூச்சுக்காக மீன் மேலே வரும், கரை ஓரம் ஒதுங்கும். கலங்கிய குட்டையில் மீன் பிடிப்பது என்று சொல்கிறோமே, அது இங்கே உண்மையாகவே நடக்கிறது!

ஆனால் விரால் மட்டும் டிமிக்கி கொடுக்கும். அதனால் நேரடியாகக் காற்றையும் சுவாசிக்க முடியும். சேற்றுக்குள் புதைந்துகொண்டு, கூட்டம் போன பிறகுகூட உயிரோடு இருக்கும். அதனால்தான் விரால் பிடித்தவருக்கு ஊரில் தனி மரியாதை.

என்னென்ன மீன் கிடைக்கும்?

கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை பெரும்பாலும் ஊர்க்காரர்கள் குஞ்சாக விட்டவை. கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். சாப்பாட்டுக்கு ஒன்றோடொன்று போட்டி போடாது என்பதால் மூன்றையும் சேர்த்தே விடுவார்கள். விரால், கெளுத்தி, கெண்டை, குரவை எல்லாம் நாட்டு மீன்கள். ஜிலேபி வெளிநாட்டு இனம். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இப்போது அது இல்லாத கண்மாயைப் பார்ப்பது கஷ்டம்.

மதுரை என்றாலே நினைவுக்கு வரும் அயிரை, விரல் நீளம்கூட வராத சின்ன மீன். ஊத்தாவில் மாட்டாது, அதற்குச் சின்னக் கண் வலையோ துணியோ வேண்டும்.

பிடித்த மீனை விற்கக் கூடாதா?

பல ஊர்களில் இதுதான் வழக்கம். பிடித்தவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைக்க வேண்டும், சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கலாம், விற்கக் கூடாது. "இன்னைக்கு எங்க ஊர்ல எந்தத் தெருவுல போனாலும் மீன் குழம்பு வாசம்தான்" என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். இரண்டு ஊத்தா வைத்திருப்பவர் ஒன்றைப் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுப்பதும், வெறுங்கையோடு கரை ஏறும் பெரியம்மாவின் பையில் யாராவது நாலு மீனைப் போட்டுவிட்டுப் போவதும் அங்கே சாதாரணம். "இந்தாங்க பெரியம்மா, குழம்புக்கு ஆகும்" என்பதோடு முடிந்துவிடும்.

இப்படி எல்லோரும் சேர்ந்து மீன் பிடித்துப் பகிர்ந்து சாப்பிட்டால் அடுத்த வருடம் நல்ல மழை பெய்யும், விவசாயம் செழிக்கும் என்பது இந்தப் பகுதி மக்களின் நம்பிக்கை.

இது மேலூருக்கு மட்டும் உரியது அல்ல. அசாமில் ஜனவரி மாத போகாலி பிஹுவுக்கு முந்தைய நாட்களில், நம்ம ஊத்தா மாதிரியே இருக்கும் 'போலோ' என்ற கூடையோடு ஊரே நீர்நிலையில் இறங்கும். ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் அன்டோகோ என்ற புனித ஏரியில் வருடத்துக்கு ஒரே ஒரு நாள்தான் மீன்பிடிக்க அனுமதி. அதுவும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பிடித்த மீன் பெரியவரிடம் போய், ஊருக்குப் பங்கு பிரிக்கப்படும். மேலூரைப் பார்த்து அவர்களோ, அவர்களைப் பார்த்து மேலூரோ கற்றுக்கொள்ளவில்லை. வற்றும் நீர்நிலையில் மிஞ்சும் மீனைச் சண்டை இல்லாமல் எப்படிப் பகிர்வது என்ற கேள்விக்கு எல்லா ஊரும் கண்டுபிடித்த பதில் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அப்புறம் என்ன பிரச்சினை?

முதல் பிரச்சினை, மீன்பாசி குத்தகை. கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் விடுவது நீண்ட கால நடைமுறை. பெரிய கண்மாய் என்றால் நல்ல தொகைக்குப் போகும். ஏலம் எடுத்தவர் குஞ்சு விட்டு, வலை போட்டு இழுத்து, சந்தைக்கு அனுப்புவார். அவர் போட்ட காசை எடுக்க வேண்டும் என்பதும் நியாயம்தான்.

ஆனால் அப்படிப்பட்ட கண்மாயில் ஊர்க்காரர் ஒருவர் ஊத்தாவோடு இறங்கினால் அது திருட்டு ஆகிவிடும். முந்தைய தலைமுறைக்குத் திருவிழாவாக இருந்தது, அடுத்த தலைமுறைக்குப் போலீஸ் கேஸ் ஆகலாம். அதனால்தான் சில ஊர்களில் ஊரே சேர்ந்து ஏலம் எடுப்பது, அல்லது குத்தகைக்காரர் தன் பங்கை எடுத்த பிறகு கடைசி நாளை ஊருக்கு விட்டுவிடுவது என்று பேசி முடிக்கிறார்கள். திருவிழா நடக்கும் ஒவ்வொரு கண்மாய்க்குப் பின்னாலும் யாரோ ஒருவர் கொஞ்சம் காசை விட்டுக்கொடுத்திருக்கிறார்.

இரண்டாவது, தண்ணீர். ஹ்வாச்சானில் ஐஸ் உறையவில்லை என்றால் திருவிழா இல்லை. இங்கே கண்மாய் நிரம்பவில்லை என்றால் இல்லை. வரத்துக் கால்வாய் அடைபட்டாலோ, செப்டம்பரில் வர வேண்டிய தண்ணீர் வராவிட்டாலோ மீன் வளர நேரமே இருக்காது. கட்லா, ரோகு ஓரளவு நல்ல எடைக்கு வரவே ஆறேழு மாதமாவது தண்ணீர் நிற்க வேண்டும்.

மூன்றாவது, குழிகள். அளவுக்கு மீறி மண் அள்ளிய கண்மாயில் முழங்கால் தண்ணீருக்குப் பக்கத்திலேயே ஆள் மூழ்கும் பள்ளம் இருக்கும். கலங்கிய தண்ணீரில் அது தெரியாது. ஐஸ் ஏரியில் மெல்லிய ஐஸ் எவ்வளவு ஆபத்தோ, இங்கே இந்தக் குழி அவ்வளவு ஆபத்து.

நான்காவது, கொசுவலை. ஊத்தாவில் சின்ன மீன் குச்சிகளுக்கு நடுவே தப்பிவிடும். கொசுவலையில் குஞ்சு உட்பட எல்லாமே வந்துவிடும். அடுத்த வருடத்துக்கு விதை மீன் மிஞ்சாது. இதோடு, வளர்க்கத் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியை யாராவது கண்மாயில் விட்டுவிட்டால், அது நாட்டு மீன் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும்.

சரி, எதுதான் அதிக ஜாலி?

செலவு: ஐஸ் மீன்பிடிப்புக்குத் துளையிடும் கருவி, கூடாரம், குளிர் உடை, லைசென்ஸ் வேண்டும். படகுக்குப் படகே வேண்டும். ஊத்தாவுக்கு ஒரு கூடை. சில ஊர்களில் மட்டும் ஊத்தாவுக்கு இவ்வளவு என்று சிறு கட்டணம் வாங்குவார்கள்.

அமைதி: இதில் ஐஸுக்குத்தான் முதலிடம். தனியாக உட்கார்ந்து மணிக்கணக்கில் யோசிக்கப் பிடிக்கும் என்றால் அதை அடிக்க ஆள் இல்லை. கண்மாயில் அமைதியை எதிர்பார்க்காதீர்கள்.

பெரிய மீன்: படகுதான் ஜெயிக்கும். ஆழத்துக்குப் போக முடிவது அதனால் மட்டும்தான்.

யார் கலந்துகொள்ளலாம்: ஊத்தா. நீச்சல் தெரிந்த மீனவராக இருக்க வேண்டாம், அனுபவம் வேண்டாம். தாத்தாவும் பேரனும் ஒரே நேரத்தில் இறங்கலாம்.

எத்தனை நாள்: இதில் ஊத்தா தோற்றுவிடும். படகு வருடத்தில் பெரும்பாலான நாள், ஐஸ் சில மாதம், கண்மாய் ஒரே ஒரு காலை.

ஆனால் அந்த ஒரே ஒரு காலைதான் விஷயமே. வருடம் முழுக்க யாரும் தொடாமல் ஊரே காவல் காத்த கண்மாய், ஒரு துண்டு வீச்சில் எல்லோருக்கும் ஒரே நொடியில் திறக்கிறது. முதலாளி, கூலி, சென்னையில் ஐடி வேலையில் இருந்து லீவு போட்டு வந்தவர் என்று எல்லோரும் ஒரே சேற்றில் நிற்கிறார்கள். மீன் கிடைக்காமல் போனாலும் குழம்பு கிடைக்கும். அதனால் "எது ஜாலி" என்ற கேள்வியில் மேலூர்க்காரர்கள் ஊத்தா பக்கம் நிற்பதில் ஆச்சரியம் இல்லை.

நீங்களும் போகப் போகிறீர்களா? இதைக் கவனியுங்கள்

• வெளியூர் ஆட்களை அனுமதிக்கிறார்களா, கட்டணம் உண்டா என்று அந்த ஊரில் முன்கூட்டியே கேளுங்கள். துண்டு வீசும் முன் இறங்காதீர்கள்.

• மடைக்குப் பக்கத்திலும், மண் அள்ளிய இடத்திலும் போகாதீர்கள். பள்ளம் எங்கே என்று உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும்.

• சிறுவர்களைத் தனியாக விடாதீர்கள். தண்ணீர் முழங்காலுக்கு மேல் இருந்தால் கரையிலேயே நிற்கச் சொல்லுங்கள்.

• ஊத்தாவுக்குள் கை விடும்போது நிதானம் வேண்டும். கெளுத்தியின் முள் குத்தினால் கடுகடுவென்று வலிக்கும். உள்ளே இருப்பது தண்ணீர்ப் பாம்பாகவும் இருக்கலாம்.

• கொசுவலை வேண்டாம். குஞ்சு மீன் மாட்டினால் தண்ணீரிலேயே விடுங்கள்.

• பிடித்ததை விற்காதீர்கள். அந்த ஊர் வழக்கத்தை மதியுங்கள்.

கோடையில் மேலூர்ப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் இப்போதே சொல்லி வையுங்கள். தேதி குறித்த பிறகு ஒன்றிரண்டு நாள்தான் அவகாசம் இருக்கும். ஊத்தா கிடைக்கவில்லை என்று கவலைப்படாதீர்கள், கரையில் நின்றால் யாராவது ஒருவர் ஒன்றைக் கையில் கொடுத்து, "இறங்குங்க தம்பி" என்பார்.